இருபத்துமூன்றாவது வீடு

மார்ச் 28

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இது அலுவல் கடிதம் என்பதால் நலம் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நகராட்சி இந்த வருடம் வெயில் கணக்கெடுப்பு நடத்துகிறது. வெயில் வரம்பு மீறினால் எந்தத் தெருவில் யார் முதலில் விழுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான். பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவள் என்பதால் நம் பகுதிக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குப் பதினான்கு கேள்விகள். பதிலுக்குத் தகுந்தபடி நாற்பது வரை மதிப்பெண். இது பள்ளிக்கூடப் பரீட்சை இல்லை. மதிப்பெண் கூடினால் ஆபத்து கூடுதல் என்று அர்த்தம். தெருவின் சராசரி இருபதைத் தொட்டால், பூட்டிக் கிடக்கும் நூலகக் கட்டடத்தைக் குளிர்கூடமாக மாற்றித் தருவார்கள். ஃபேன், ஏர்கூலர், கட்டில், குடிதண்ணீர் எல்லாம் இருக்கும். மதியத்தில் ஒரு நர்ஸ் வருவார். தகரக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சும் அடித்துத் தருவார்கள்.

உங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். இருபத்தொன்று முடித்துவிட்டேன். உங்கள் கதவை மூன்று நாள் தட்டினேன். மூன்று நாளும் உள்ளே ரேடியோ சத்தம் கூடியதே தவிரக் கதவு திறக்கவில்லை. ஒரு வீடு விட்டுப்போனாலும் தெருவையே கழித்துவிடுவார்கள். ஆகவே படிவத்தை இஸ்திரிக்காரர் மூலம், உங்கள் மடித்த துணிக்கு நடுவில் வைத்து அனுப்புகிறேன். ஏப்ரல் 25 கடைசி நாள்.

இப்படிக்கு,
கணக்கெடுப்பாளர்
(உங்கள் மருமகளின் தாய்)


மார்ச் 30

சம்பந்தி அம்மாவுக்கு,

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அலுவல் கடிதம் எழுதத் தெரியாது. தெரிந்ததை எழுதுகிறேன்.

கதவைத் தட்டியது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு தட்டு. என் மகனைப் பெண் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட வந்த அன்றும் அப்படித்தான் தட்டினீர்கள். அன்று திறந்த பாவத்துக்குத்தான் இன்றுவரை அனுபவிக்கிறேன். உங்கள் மகளைச் சொல்லவில்லை. அது தங்கமான பெண். யார் வயிற்றில் பிறந்தது என்றுதான் புரியவில்லை.

கல்யாண மண்டபத்தில் வைத்து நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "இனிமே உங்க கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்." பத்தொன்பது வருடம் ஆகிறது, இன்னும் பேசவில்லை. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டேன். கூரை: நல்ல கூரை. காற்று: தாராளம். தண்ணீர்: எப்போதும் வரும். நோய்: இல்லை. மாத்திரை: எதற்கு? வெயிலில் வேலை செய்வதுண்டா: வேலை என்றாலே எனக்கு வெயில்தான், அதனால் ஒன்றும் ஆகாது. வயது: அறுபதுக்கு மேல் என்று இருந்த கட்டத்தில் கோடு போட்டேன், அதற்குமேல் கேட்காதீர்கள். ஒன்பதாம் கேள்வி, "நீங்கள் வீட்டில் மயங்கி விழுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் யாருக்குத் தெரியும்?" தெருவுக்கே தெரியும். நான் விழுந்தால் சத்தம் கேட்கும்.

பதினொன்றாம் கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். அதைக் கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள்


ஏப்ரல் 2

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

படிவம் கிடைத்தது. மொத்தம் இரண்டு மதிப்பெண். அந்த இரண்டும் வயதுக்கு. கூரைமேல் தண்ணீர்த் தொட்டியும் வாசலில் வேப்பமரமும் வைத்திருக்கும் டாக்டர் வீட்டுக்கே பதினொன்று வந்தது. இந்தத் தெருவிலேயே உங்கள் வீடுதான் குளுகுளுவென்று இருப்பதாக மேலதிகாரி நினைத்துக்கொள்வார்.

நான் தினமும் பால்கனியில் நிற்பவள். உங்கள் கூரை தகரம். சென்ற வருடக் காற்றில் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் நீங்கள் வீட்டுக்குள் இருப்பதே இல்லை. வாசற்படியில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நிழல் நகர நகர நீங்களும் நகர்ந்து, நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் இருப்பீர்கள். குழாயில் தண்ணீர் வருவது காலையில் நாற்பது நிமிடம். நோய் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்துக்கடைக்காரர் உங்கள் சர்க்கரை மாத்திரை அட்டையை என் முகவரியில் தவறாகக் கொடுத்துவிட்டுப் போனாரே, மறந்துவிட்டீர்களா? இஸ்திரிக்காரர் கையில் கொடுத்தனுப்பினேன்.

பெருமைக்கு எழுதுகிற இடமல்ல இது. தயவுசெய்து உண்மையைப் பூர்த்தி செய்யவும். புதுப் படிவம் இணைத்திருக்கிறேன். பதினொன்றாம் கேள்வியையும் விடக்கூடாது. "இதற்கு முன் வெயிலால் மயங்கி விழுந்ததுண்டா?" எல்லோரிடமும் கேட்பதுதான்.

கணக்கெடுப்பாளர்


ஏப்ரல் 5

சம்பந்தி அம்மாவுக்கு,

ஊரில் அத்தனை வீடு இருக்க, ஏழு வருடத்துக்கு முன்னால் என் கதவுக்கு நேர் எதிரே மூன்றாம் மாடியைத் தேடிப் பிடித்துக் குடிவந்தது எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. நான் நகர்ந்து நகர்ந்து உட்காருவதை எண்ணிக்கொண்டிருக்கத்தான்.

அது அம்மிக்கல் இல்லை, ஆட்டுக்கல்லின் குழவி. சரியாகப் பார்க்கத் தெரியாவிட்டால் எழுதக்கூடாது.

பதினொன்றாம் கேள்விக்கு வருகிறேன். எல்லோரிடமும் கேட்பது என்கிறீர்கள். எல்லோரும் உங்கள் மகள் கல்யாணத்திலா மயங்கி விழுந்தார்கள்? மே மாதம் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை. மண்டபத்தில் இரண்டே இரண்டு பெரிய ஃபேன். ஒன்று மேடைக்கு. இன்னொன்று மாப்பிள்ளை வீட்டார் பக்கம் இருந்தது. பதினொன்றே கால் மணிக்கு நீங்கள் எழுந்து வந்தீர்கள். பச்சைப் புடவை, சிவப்புக் கரை. அந்த ஃபேனின் கழுத்தைப் பிடித்து உங்கள் பெரியண்ணன் பக்கம் திருப்பினீர்கள். திருப்பியதோடு விட்டீர்களா, மறுபடி திரும்பாதபடி அதன் தலையில் இருந்த குமிழை மேலே இழுத்துவிட்டுப் போனீர்கள். எனக்குப் பின்னால் சமையற்கூடச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நாலு அடுப்பு. முதலில் காது அடைத்தது. அப்புறம் உங்கள் அண்ணன் மூன்றாகத் தெரிந்தார். ஒருவரே அதிகம், மூவரைப் பார்த்தால் யார்தான் விழமாட்டார்கள்?

கண்ணைத் திறந்தபோது முதலில் கேட்டது உங்கள் குரல். "சம்பந்தியம்மாவுக்கு நடிப்பு நல்லா வரும் போலிருக்கே. ஒத்தைக் கண்ணால பாக்கறாங்க பாருங்க." சிரித்தவர்கள் ஏழு பேர். பேர் சொல்லட்டுமா?

என் படிவத்தில் பதினொன்றாம் கேள்விக்கு நேரே "ஆம், உண்மையான மயக்கம்" என்று உங்கள் கையெழுத்தில், எந்த நாள், எந்த ஃபேன் என்பதோடு எழுத வேண்டும். அதுவரை படிவம் என் அரிசி டப்பாவுக்குள் இருக்கும்.

மாப்பிள்ளையைப் பெற்றவள்


ஏப்ரல் 9

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

என் பெரியண்ணனுக்கு அன்று இதய அறுவை சிகிச்சை முடிந்து நாற்பது நாள். அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்றால் அது என் குற்றமா?

நீங்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்ததை நானே பார்த்தேன். நிஜமாக மயங்கியவர்களுக்கு இரண்டு கண்ணும் சேர்ந்துதான் திறக்கும். நான் பார்க்காததை எழுதியதில்லை. பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடத்தில் ஒரு பொய்ப் பதிவு கிடையாது. இப்போது கிழவயதில் ஆரம்பிக்கச் சொல்கிறீர்களா?

ஆனால் நேற்று மதியம் நடந்தது உங்களுக்கும் தெரியும். கரிப்பெட்டிக்கு முன்னால் நின்ற நம் இஸ்திரிக்காரர் அப்படியே மயங்கிச் சரிந்துவிட்டார். பெட்டி அந்தப் பக்கம் விழுந்தது நல்லதாயிற்று. அவரைத் தூக்கி உங்கள் வாசலில் கிடத்தினார்கள். அது நிழல் இல்லாத வேளை. நிழலுக்காக அவரையும் உங்களைப் போலவே வீடு வீடாக நகர்த்தினார்கள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படி இறங்கி வர எனக்குப் பத்து நிமிடம் ஆகும். வந்து சேர்ந்தபோது ஆட்டோ போய்விட்டது.

நூலகக் கட்டடம் அங்கிருந்து முப்பது அடி. பூட்டித்தான் கிடந்தது.

உங்கள் கோபத்தை எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தை மட்டும் அரிசி டப்பாவிலிருந்து எடுங்கள். கடிதம் கொண்டுவருவது இப்போது அவர் மனைவி.

கணக்கெடுப்பாளர்


ஏப்ரல் 11

சம்பந்தி அம்மாவுக்கு,

எடுத்துவிட்டேன். இந்தாருங்கள் உண்மை.

கூரை தகரம். மதியம் அதன் அடியில் மெழுகுவர்த்தியை நட்டு வைத்தால் ஏற்றாமலே வளைகிறது. ஃபேன் உண்டு, அது சுற்றினால் வெந்நீர் ஊற்றுகிற மாதிரி இருப்பதால் போடுவதில்லை. தண்ணீர் நாற்பது நிமிடம் இல்லை, முப்பத்தைந்து. சர்க்கரை உண்டு. இரத்த அழுத்தம் உண்டு. முழங்கால் இரண்டும் உண்டு, வலியோடு. வயது எழுபது முடிந்து நாலு மாதம். தனியாக இருக்கிறேன். ஒன்பதாம் கேள்வி: நான் விழுந்தால் யாருக்குத் தெரியும்? போன முறை எழுதியது சும்மா. பக்கத்து வீட்டில் இருவரும் காலையில் தொழிற்சாலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். அந்தக் கேள்விக்கு "யாருக்கும் தெரியாது" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். இப்படி ஒரு கேள்வியை யார் உட்கார்ந்து யோசித்தார்களோ, நன்றாக இருக்கட்டும்.

பதினொன்று காலிதான். என் நிபந்தனை மாறவில்லை. இஸ்திரிக்காரருக்காக மற்றதை எழுதினேன், உங்களுக்காக இல்லை. அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததாக அவர் மனைவி சொன்னாள்.

இன்னொன்று. நீங்கள் இருபத்திரண்டு வீடு என்கிறீர்கள். நான் இந்தத் தெருவுக்கு வந்து நாற்பத்தாறு வருடம். விரலை மடக்கி எண்ணினேன், இரண்டு தடவை எண்ணினேன். இருபத்துமூன்று. ஒன்றை விட்டிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தப்புப் பதிவு இல்லையாமே?

உங்கள் மகளுக்கு மாமியார்


ஏப்ரல் 14

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

படிவத்துக்கு நன்றி. உங்களுக்கு இருபத்தாறு.

இருபத்திரண்டு வீட்டையும் கூட்டிச் சராசரி எடுத்ததில் பத்தொன்பதரை வருகிறது. உங்கள் பதினொன்றாம் கேள்விக்கான நாலு மதிப்பெண்ணைச் சேர்த்தாலும் பத்தொன்பது புள்ளி ஆறு எட்டு. அரை அங்குலம் உயரம் குறைவதற்காக வாசல்படியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். "இருபது என்றால் இருபதுதாம்மா" என்றார்.

இருபத்துமூன்றாவது வீடு என்று எதுவும் இல்லை. நான் இருக்கும் கட்டடத்தைச் சொல்கிறீர்கள் என்றால், அதன் பெயர்ப்பலகை பெரிய சாலையைப் பார்த்து இருக்கிறது. மேலும் கணக்கெடுப்பவர் கணக்கில் வருவதில்லை. எனக்கு உதவி எதுவும் தேவையில்லை. கான்கிரீட் வீடு.

கணக்கெடுப்பாளர்


ஏப்ரல் 17

சம்பந்தி அம்மாவுக்கு,

பெயர்ப்பலகை பெரிய சாலையைப் பார்க்கட்டும். மாடிப்படி எங்கள் தெருவில் திறக்கிறது. தண்ணீர்க் குழாய் எங்கள் தெருவிலிருந்து போகிறது. உங்கள் குப்பையை எங்கள் தெருக் குப்பை வண்டி எடுக்கிறது. கீழே இரண்டு மாடியும் பூட்டிய கிடங்கு. அந்தக் கட்டடத்தில் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான். அது வீடு இல்லையென்றால் என்ன?

இருபத்திரண்டு கதவைத் தட்டி எல்லோருடைய மாத்திரையையும் எண்ணினீர்கள். உங்கள் கதவை யார் தட்டினார்கள்? போன தடவை நீங்கள் அனுப்பியதில் ஒரு காலிப் படிவம் அதிகமாக இருந்தது. அதில் உங்களுக்கு நான் எழுதிவிட்டேன்.

கூரை: கான்கிரீட், சரி. ஆனால் அதற்குமேல் ஒன்றும் இல்லை, நேராகச் சூரியன். மேற்குச் சுவர்: ஜன்னல் கிடையாது. சாயங்காலம் நீங்கள் பால்கனிக்கு வந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறுவதை நானும் கீழேயிருந்து பார்க்கிறேன். உங்களுக்கு மட்டும்தான் கண் இருக்கிறதா? படி: அறுபத்துமூன்று. கறிகாய் வாங்கி ஏறும்போது பதினேழாவது படியிலும் நாற்பதாவது படியிலும் நிற்பீர்கள், படிக்கட்டு ஜன்னலில் தெரியும். மோட்டார் ரிப்பேரானால் தண்ணீர் மூன்றாம் மாடிக்கு ஏறாது; மார்ச்சில் மட்டும் ஆறு நாள் ஏறவில்லை. மாத்திரை: காலையில் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள். பேத்தி போனில் எனக்கு எல்லாம் சொல்வாள். வயது: கல்யாணத்தில் என் தங்கையிடம் நாற்பத்தொன்பது என்றீர்கள், என் கணவரிடம் ஐம்பத்துமூன்று என்றீர்கள். பெரியதை எடுத்துக்கொண்டு பத்தொன்பதைக் கூட்டியிருக்கிறேன்.

இதுவரை இருபத்தேழு. என்னைவிட ஒன்று அதிகம். ஒன்பதையும் பதினொன்றையும் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்தவர் மயக்கத்தை நான் எழுத மாட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மாமியார்


ஏப்ரல் 22

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதம் வந்ததும் கோபத்தில் கிழிக்கப் பார்த்தேன். படிவம் அரசாங்கச் சொத்து என்பதால் கிழிக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு நாள் அதைப் பார்க்காமல் இருந்தேன். இருபதாம் தேதி காலை, மோட்டார் ஓடாததால் கீழே போய் இரண்டு குடம் தூக்கி வந்தேன். நாற்பதாவது படியில் நிற்கவில்லை. நீங்கள் எண்ணுவீர்கள் என்று வீம்புக்காக நிற்காமல் ஏறினேன். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது.

பிறகு முகத்தில் தண்ணீர். கண்ணைத் திறந்தால் மேலே நீங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் முழங்கால். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை:

"நடிக்கிறீங்களா, சம்பந்தி?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. நீங்கள் என் கழுத்துக்கு அடியில் ஈரத் துண்டை வைத்தீர்கள். அது உங்கள் தலையில் போடும் துண்டு. நீங்கள் கூடவே கூட்டிவந்த டாக்டர் வீட்டு நர்ஸ் நாடி பிடித்துக்கொண்டே, "ஒரு கண்ணுதாம்மா முதல்ல திறந்தாங்க. இனி பயமில்லை" என்று உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அன்று மண்டபத்தில் நான் பார்த்ததும் அதுதான். பார்த்தது சரி. எழுதியது தப்பு.

நான் விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நர்ஸைக் கேட்டேன். சமையலறை ஜன்னல் ஆறரைக்குத் திறக்கும், ஏழேகால் ஆகியும் திறக்கவில்லை என்று நீங்கள் சொன்னீர்களாம்.

உங்கள் படிவத்தில் பதினொன்றாம் கேள்விக்கு நேரே கீழ்க்கண்டவாறு பதிந்திருக்கிறேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்:

"ஆம். மே 18, வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை. கல்யாண மண்டபம், சமையற்கூடச் சுவர் ஓரம். உண்மையான மயக்கம். மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்த ஃபேனைத் திருப்பிக் குமிழை மேலே இழுத்தவர்: இந்தப் பதிவை எழுதும் கணக்கெடுப்பாளர். நடிப்பு என்று சொன்னவரும் அவரே. பிழையான முந்தைய கூற்று இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது."

கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். மேலதிகாரி இது எதற்கு என்று கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் படிவத்தில் பதினொன்றுக்கு "ஆம், ஏப்ரல் 20." ஒன்பதாம் கேள்வி, நான் விழுந்தால் யாருக்குத் தெரியும் என்பது. "யாருக்கும் தெரியாது" என்று எழுதினால் இன்னொரு நாலு மதிப்பெண் கிடைக்கும். எழுத முடியவில்லை. அது பொய்யாகிவிடும். "எதிர்வீட்டு சம்பந்திக்கு" என்று எழுதிப் பூஜ்யம் போட்டுக்கொண்டேன்.

என் மதிப்பெண் முப்பத்தொன்று. தெருவிலேயே முதலிடம். பள்ளிக்கூடத்தில்கூட நான் முதலிடம் வந்ததில்லை. இருபத்துமூன்று வீட்டுக்கும் சராசரி இருபது புள்ளி ஒன்று ஏழு. படி இந்தத் தெருவில் திறப்பதால் என் வீடும் சேரும் என்று மேலதிகாரி ஒப்புக்கொண்டார்; இன்று காலை படிவங்களைக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

உங்கள் மருமகளின் தாய்


மே 18

சம்பந்தி அம்மாவுக்கு,

தேதியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். அன்று உங்களிடம் பேசினேன் என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. அது அவசரம். அவசரத்தில் பேசியதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேசாமல் இருப்பது தொடர்கிறது.

உங்கள் ஒன்பதாம் கேள்விப் பதிலைப் படித்துவிட்டு என் படிவத்தைத் திரும்பக் கேட்டனுப்பினேன். அலுவலகத்தில் தர முடியாது என்றார்களாம். ஏற்கெனவே கூட்டியாயிற்று, இனிமேல் திருத்தினால் நாலு குறைந்துவிடும் என்று நீங்கள் சொல்லியனுப்பியது கிடைத்தது. சரி, காகிதத்தில் "யாருக்கும் தெரியாது" என்றே இருக்கட்டும். நிழலோடு நான் நகருவதை மாடியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தெரியாமல் நான் விழ முடியாது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

குளிர்கூடத்தை நேற்றுத் திறந்தார்கள். நீங்கள் படி இறங்க முடியாமல் மாடியிலிருந்தே பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியை வெளியே வைத்துவிட்டு முதல் ஆளாக உள்ளே போய்க் காலை நீட்டினார். என் கூரைக்கு வெள்ளை அடித்தாயிற்று. குழவிக்கல்லுக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள்.

சுவர் ஓரமாக இரண்டு கட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றில் என் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டேன். இன்னொன்றில் உங்கள் பெயருக்கு ஒரு சொம்பு வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு ஃபேன். தலையில் குமிழ் இருக்கிறது. போனதும் அதைத்தான் பார்த்தேன். இஸ்திரிக்காரரிடம் சொல்லி அதை அமுக்கி, யாரும் மேலே இழுக்க முடியாதபடி கம்பியால் கட்டவைத்துவிட்டேன். இனி அந்த ஃபேன் இரண்டு பக்கமும் போய்த்தான் ஆக வேண்டும்.

நீங்கள் எழுதிக்கொடுத்த பதிவை ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லி அன்று சிரித்த ஏழு பேருக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேர் செத்துவிட்டார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். அந்தக் கணக்கு இத்துடன் முடிந்தது. அதே கல்யாணத்தில் என் தங்கைக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்ட விஷயம் தனி. அதைப் பற்றி அடுத்த வெயிலில் எழுதுகிறேன்.

நாளை பத்து மணிக்கு இறங்கி வாருங்கள். குடத்தைத் தூக்காதீர்கள். நாற்பதாவது படியில் நிற்க வேண்டும். பதினேழிலும் நிற்க வேண்டும். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஜன்னலை ஆறரைக்குத் திறங்கள். ஆறே முக்கால் ஆனால் ஏறி வருவேன். என் முழங்காலுக்குப் படிவத்தில் மூன்று மதிப்பெண் போட்டவர் நீங்கள்தான். யோசித்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு சம்பந்தி